மாத ஊசி

அப்போதிக்கரி வேலை என்றால், டொக்டர் இல்லாத நாளில் டொக்டராகவும், டொக்டர் வந்து இறங்கின அன்று அவருக்குக் கதிரை தூக்கிப் போடுகிற ஆளாகவும் இருக்கிற வேலை. நெடுந்தீவில் டொக்டர் வந்து இறங்குவது எப்போதாவது ஒருநாள். மிச்ச நாளெல்லாம் நான்தான். கடல் தாண்டி உத்தியோகம் பார்த்தவர்களுக்கு, அது வாத்தியார் வேலையோ தபால் கந்தோர் வேலையோ, நான் இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் என்னைப் போல லோஞ்சுப் படகுக்குள் சத்தியெடுத்து, உவர்த் தண்ணீரில் தேத்தண்ணி வைத்துக் குடித்த ஆட்கள்தான்.

என்னை அங்கே அனுப்பினது எண்பத்துநாலில். "இரண்டு வருஷம் மட்டும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆறு வருஷம் கிடந்தேன். மனைவி கொக்குவிலில் பள்ளிக்கூட ரீச்சர், பிள்ளைகள் இரண்டும் அவவோடு. ஆஸ்பத்திரி வளவுக்குள் இருந்த குவாட்டேர்ஸில் நானும் ஒரு ரேடியோவும். பின்னேரம் நாலு மணிக்கு நோயாளர் போய்விட்டால், அடுத்த நாள் காலை எட்டு மணி வரை என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை. முதல் வருஷம் தாங்க முடியாமல் இருந்தது. பிறகும் தாங்க முடியாமல்தான் இருந்தது, ஆனால் பழகிவிட்டது.

கிருமிகளோடு எனக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை. புத்தகத்தில் சொன்ன மாதிரியே நடந்துகொள்ளும். கரைச்சலெல்லாம் ஆட்களோடுதான், அதிலும் பாதி என் வாயால் வந்தது. அந்தத் தீவில் ஒரு பிள்ளையின் இருதயம் பழுதாகாமல் பார்க்கிற பொறுப்பு என் கையில் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். இடையில் வேறு கதைகளும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லோஞ்சு நேரம்

கந்தசாமி அண்ணை ஏழெட்டு மாடு வைத்திருந்த மனிதர். சிறுநீர் போகும்போது எரிவு, சலக்கடுப்பு என்று வந்தார். குடலுக்குள் ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கிற ஈ-கோலை என்ற கிருமி, வழிமாறிச் சலப்பைக்குள் போனால் வருகிற வருத்தம் அது. அதற்கு அந்தக் காலத்தில் கோட்ரைமொக்சசோல் என்ற வெள்ளைக் குளிசை நன்றாக வேலை செய்தது. காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு, ஏழு நாளைக்கு. அவர் வீட்டில் மணிக்கூடு இல்லை. நான் கெட்டித்தனமாக, "காலமை லோஞ்சு வெளிக்கிடேக்கை ரெண்டு, பின்னேரம் லோஞ்சு வரேக்கை ரெண்டு. தண்ணி கனக்கக் குடியுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். ஊருக்கு ஏற்ற மாதிரிச் சொல்லத் தெரிந்த அப்போதிக்கரி வேறு எங்கே இருக்கிறான் என்று எனக்கே ஒரு பெருமை.

நாலாம் நாள் அவரை மாட்டு வண்டிலில் கொண்டுவந்தார்கள். நடுங்கல் காய்ச்சல், முதுகில் கை வைக்க விடவில்லை. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. குளிசைப் பையைத் திறந்து பார்த்தால் முதல் நாள் போட்டதோடு சரி, மிச்சம் அப்படியே கிடக்கிறது. "என்ன கோதாரிக்கு உங்களுக்கு நான் மருந்து தந்தனான்?" என்று கத்தினேன். மனிதர் நடுங்கிக்கொண்டே என்னை அதிசயமாகப் பார்த்தார். அந்த மூன்று நாளும் கடல் கொந்தளிப்பு, லோஞ்சு துறையை விட்டு அசையவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"லோஞ்சு ஓடேல்லை ஐயா. ஓடாத லோஞ்சுக்கு நான் என்னெண்டு குளிசை போடுறது?"

சங்கிலிக் கிருமி

யசிந்தாவுக்கு அப்போது பதினெட்டு வயது. தகப்பன் கடலோடு போனவர். தாய் திரேசம்மாவும் மகளும்தான் வீட்டில். யசிந்தா தையல் மெசின் வைத்து ஊரில் பாதிப் பெண்களுக்குச் சட்டை தைத்தாள். ஒருநாள் முழங்கால் வீங்கி வந்தாள். இரண்டு நாளில் அது வற்றிக் கணுக்கால் வீங்கியது. பிறகு கை மணிக்கட்டு. நாடியைப் பிடித்தால் ஒரே ஓட்டம். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டேன், துடிப்புக்கு இடையில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த லோஞ்சிலேயே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து ஒரு மருந்துத் துண்டுச்சீட்டோடு திரும்பி வந்தாள்: பென்சதீன் பெனிசிலின் ஊசி, மூன்று கிழமைக்கு ஒருமுறை, இன்னும் பல வருஷத்துக்கு.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்று ஒரு கிருமி. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சங்கிலி கோத்த மாதிரி நிற்கும். தொண்டையில் வந்து நாலு நாள் நோகப் பண்ணிவிட்டுப் போய்விடும். சில பேரின் உடம்பு மட்டும் அந்தக் கிருமியோடு சண்டை பிடிக்கப் போய், ஆள் மாறித் தன் சொந்த இருதய வால்வையே அடிக்கத் தொடங்கும். அடி வாங்கின வால்வு அடுத்த தொண்டைநோவோடு இன்னும் அடி வாங்கும். அப்படி மூன்று நாலு முறை வந்தால் நடக்க ஏலாது, நிமிர்ந்து படுக்க ஏலாது, பிள்ளைப்பேறு தாங்காது. நல்ல காலம், பெனிசிலினுக்கு முன்னால் இந்தக் கிருமி ஒருநாளும் எதிர்த்து நின்றதில்லை. உடம்பில் எந்த நேரமும் கொஞ்சம் பெனிசிலின் இருந்தால் போதும், கிட்ட வராது. அதற்குத்தான் அந்த ஊசி. ஒரு தவணை பிந்தினாலும் பயம்தான்.

சரியான நோவு பிடித்த ஊசி அது. மாவாக இருக்கிற மருந்தைத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் தேங்காய் முதற்பால் மாதிரித் தடிப்பாக வரும். எங்கள் ஆஸ்பத்திரி மருத்துவிச்சி அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் நிற்பா, நான் போடுவேன். போட்ட பிறகு அரை மணித்தியாலம் சுவரோரம் கிடந்த நீட்டு வாங்கில் இருத்தி, ஒவ்வாமை ஏதும் வருகிறதோ என்று பார்க்க வேண்டும். அந்த அரை மணித்தியாலமும் யசிந்தா கதைப்பாள். யாருடைய சட்டை இறுக்கம், யார் வீட்டுக் கோழி யார் வளவுக்குள், மாதா கோயில் சுவாமியார் பிரசங்கத்தில் யார் நித்திரை. என் மூத்த மகளுக்கும் அவளுக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். "வீட்டிலை இருந்து கடிதம் வந்ததோ ஐயா?" என்று அந்தத் தீவில் என்னைக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். கலண்டரில் அவளின் தவணையை வட்டம் போட்டு வைத்தது அவளின் வால்வுக்காக மட்டும் இல்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒருமுறை, "நோகுதோ பிள்ளை?" என்று கேட்டேன். "இல்லை" என்றாள். பொய் சொல்லாதையும் என்றேன்.

"நோகேல்லை எண்டு நான் சொல்லுறது உங்களுக்காக ஐயா. நோகுது எண்டால் நீங்கள் மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பியள், பேந்து நான் ஆரோடை கதைக்கிறது?"

ஒரு செம்பு பால்

நாகம்மா அக்காவுக்கு மஞ்சள் சளியோடு இருமல். காசநோய் இல்லை என்று சளிப் பரிசோதனை வந்த பிறகு ரெட்ராசைக்கிளின் கப்சூல் கொடுத்தேன். அருமையான மருந்து. பலவகைக் கிருமிகளுக்குக் கேட்கும், வாந்திபேதிக்கும் கேட்கும். வளருகிற பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் மட்டும் கொடுக்கக் கூடாது, பிள்ளையின் பல் மஞ்சளாகிப் போகும். நாகம்மா அக்காவுக்கு இரண்டு பிரச்சினையும் இல்லை. ஆனாலும் ஒரு கிழமைக்குப் பிறகு அதே சளி, அதே இருமல். நாலு வேளையும் தவறாமல் போட்டதாகத் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினா.

கடைசியில், "என்னத்தோடை விழுங்கினனீங்கள்?" என்று கேட்டேன். இங்கிலீசு மருந்து சூடு அல்லவா, அதற்காக ஒவ்வொரு கப்சூலுக்கும் ஒரு செம்பு பசுப்பால், அதுவும் கறந்த சூட்டோடு. எனக்குத் தலை சுற்றியது. பாலில் இருக்கிற கல்சியம் ரெட்ராசைக்கிளினைக் கட்டிப் பிடித்து, உடம்பில் ஊற விடாமல் வயிற்றால் வெளியே கொண்டுபோய்விடும். இருபத்தெட்டுக் கப்சூலும் வீண். மாடு நிறைந்த தீவில் இந்த மருந்தைக் கொடுக்கும்போது பாலை மறந்து போன நான் ஒரு விசரன். ஆனாலும் என் பிழையை மறைக்க அவவைத்தான் ஏசினேன். அவ பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசையில் ஆறிக் கிடந்த என் வெறுந்தேத்தண்ணியைப் பார்த்தா. நான் துண்டு எழுதுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"பாலிலை பிழை பிடிச்ச முதல் ஆள் நீங்கள்தான் ஐயா. அதுதான் இப்பிடிக் காய்ஞ்சு போய் நிக்கிறியள். உங்களுக்கு ஆர் சமைச்சுத் தாறது?"

கருப்பணி

எங்கள் ஆஸ்பத்திரி உதவியாள், அற்றெண்டன் சின்னராசாவுக்குக் கடைவாய்ப்பல் வீங்கிக் கன்னம் பூசணிக்காய் மாதிரி. பல்லடியில் சீழ் பிடிக்க வைக்கிற சில கிருமிகள் காற்றே படாத இடத்தில்தான் வளரும். அவற்றுக்கு மெட்ரோனிடசோல்தான் சரி. "சின்னராசா, இந்தக் குளிசை போடுற நாளிலை கள்ளிலை வாய் வைக்கக் கூடாது, விளங்குதோ?" என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் ஓம் என்றான். அடுத்த நாள் முகம் சிவந்து, நெஞ்சு படபடக்க, ஓங்காளித்துக்கொண்டே வேலைக்கு வந்தான். கள்ளுத்தானே வேண்டாம் என்றீர்கள், நான் குடித்தது கருப்பணி என்று வாதம். பதநீர் எந்தக் கணத்தில் கள்ளாகிறது என்பதில் அவனும் அந்தக் குளிசையும் ஒத்துப்போகவில்லை.

"ஆர் குடிச்சவன் எண்டு இது உள்ளுக்கை போய்க் கண்டுபிடிக்குது ஐயா. இதை என்ரை மனிசியே அனுப்பினவ?"

பிஸ்கற் பேணி

ஐந்து நாள் மருந்து கொடுத்தால் இரண்டு நாள் போட்டுச் சுகம் கண்டதும் மிச்சத்தைத் தகரப் பேணியில் போட்டு மூடி வைக்கிறது அந்தத் தீவுப் பழக்கம். கடல் எப்போது மூடும் என்று தெரியாத சனம், எதையும் மிச்சம் பிடிக்கும். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அரைவாசியில் நிற்பாட்டினால் பெலன் இல்லாத கிருமி சாகும், பெலத்த கிருமி தப்பிப் பெருகும், அடுத்த முறை அதே மருந்துக்கு அது சிரிக்கும் என்று ஒவ்வொரு துண்டோடும் சொன்னேன். எல்லாரும் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் பேணியைத் திறப்பார்கள்.

அப்படியிருக்க ஒரு மீன்பிடிகாரருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. டைபொயிட் கிருமிக்கு அப்போது எங்கள் கையில் இருந்தது குளோரம்பெனிகோல் ஒன்றுதான், இரண்டு கிழமை விடாமல் கொடுக்க வேண்டும். என்னிடம் இருந்தது மூன்று நாளைக்கு. சண்டைக் காலம், லோஞ்சு நின்று ஒரு கிழமைக்கு மேல். நோயாளியை அனுப்பவும் வழியில்லை, மருந்து எடுக்கவும் வழியில்லை. அன்று ஊசிக்கு வந்து வாங்கில் இருந்த யசிந்தாவிடம் சும்மா புலம்பினேன். அவள் எழும்பிப் போனாள். அளவெடுக்கப் போகிற மாதிரி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் வீடு வீடாகப் போயிருக்கிறாள். இரண்டாம் நாள் ஒரு பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தாள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை, தீவு முழுவதும் மிச்சம் பிடித்த கப்சூல்.

நிறத்தை நம்பினால் ஆளைக் கொன்றுபோடுவோம். ஒவ்வொன்றின் மேலும் இருக்கிற எழுத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, ஊறினது, வெடித்தது, எழுத்து அழிந்தது எல்லாவற்றையும் எறிந்து, குளோரம்பெனிகோலைப் பிரித்து எடுத்தோம். இன்னும் ஆறு நாளைக்குக் காணும். ஏழாம் நாள் லோஞ்சு வந்தது, மனிதர் தப்பினார். பேணியைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்குக் கண் கலங்கிப்போனது. அதை மறைக்க, "இனியாவது மருந்தை முழுக்கப் போடச் சொல்லும்" என்று அவளிடம் கடுகடுத்தேன்.

"நாங்கள் உங்கடை சொல்லுக் கேட்டு நடந்திருந்தால் இண்டைக்கு உங்களிட்டை என்ன ஐயா இருந்திருக்கும்?"

கூப்பிட்ட பேர்

"மூன்று கிழமைக்கு ஒருமுறை போடுகிற பென்சதீன் பெனிசிலின்" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல யாருக்குப் பொறுமை? நான் சுருக்கமாக "மாத ஊசி" என்று பேர் வைத்திருந்தேன். பதிவுப் புத்தகத்திலும் மாத ஊசி, அவளின் துண்டிலும் மாத ஊசி. கிளினிக் நாளில் சனம் நிறைந்திருக்க வாசலில் நின்று, "மாத ஊசிக்காரப் பிள்ளை, உள்ளுக்கு வாரும்" என்று கூப்பிடுவேன். என் குரல் மதில் தாண்டிக் கேட்கும். இரண்டு வருஷம் இப்படியே கூப்பிட்டேன்.

ஒரு தவணைக்கு அவள் வரவில்லை. சரி, தையல் அவசரமாக்கும் என்று விட்டேன். அடுத்த நாளும் இல்லை. ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. மருந்துக் குப்பியை எடுத்து மேசையில் வைப்பதும் பின்னேரம் திருப்பி அலுமாரியில் வைப்பதுமாக இருந்தேன். வாங்கு வெறுமையாகக் கிடந்தது. அந்த நாட்களில் என் குவாட்டேர்ஸ் முன்னையை விடப் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆள் அனுப்பினேன், பதில் இல்லை. கடைசியில் சின்னராசாவைப் பிடித்து, "உனக்குத் தெரியாமல் இந்தத் தீவிலை ஒண்டும் நடவாது, சொல்லடாப்பா" என்றேன். அவன் கதவைப் பார்த்தான், காலைப் பார்த்தான். எழுவைதீவில் அவளுக்கு ஒரு கலியாணம் பேசி முற்றாகியிருக்கிறது என்றான். நல்ல செய்தி அல்லவா என்றேன். நல்லதுதான், மாப்பிள்ளை வீட்டார் இங்கே விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்றான். மருத்துவிச்சி அம்மா குடும்பக் கட்டுப்பாட்டுக்காரருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசிக்கு ஊரில் என்ன பேர் என்று, நாலு வருஷமாக அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்த எனக்குத் தெரியாது.

"மாத ஊசி எண்டால் இஞ்சை பிள்ளை தங்காமல் போடுற ஊசி ஐயா. கலியாணம் கட்டாத பெட்டையை நீங்கள் ஊர் கேக்கக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப்போட்டு அதைப் போடுறியள்."

படலைக்கு வெளியே

அன்றைக்கே சைக்கிளில் போனேன். திரேசம்மா படலையைத் திறக்கவில்லை. வாருங்கோ, இருங்கோ என்ற ஒரு சொல்லும் இல்லை. வெயிலில் நின்றபடி நான் என் பிழையை ஒத்துக்கொண்டேன். பேரை மாற்றி எழுதித் தருகிறேன், மாப்பிள்ளை வீட்டுக்கு நானே கடிதம் தருகிறேன், வேண்டுமென்றால் மருத்துவிச்சி அம்மாவோடு வந்து வீட்டிலேயே ஊசி போடுகிறேன் என்று அடுக்கினேன். உள்ளே தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. யசிந்தா வெளியே வரவில்லை.

திரேசம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மகளுக்கு நெஞ்சில் வருத்தம் என்று அவ ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மூட்டு நோவுக்குச் சத்து ஊசி என்றுதான் சொல்லி வைத்திருந்தா. அதனால் இந்தக் கதை வந்தபோது உண்மையைச் சொல்லி அடக்கவும் அவவால் முடியவில்லை. சத்தியம் பண்ணி ஒருமாதிரி மாப்பிள்ளை வீட்டைச் சமாளித்து, இனி அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் மகள் போகாள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறா. கலியாணத்துக்கு இன்னும் ஐந்து மாதம். நான் வால்வு, கிருமி, தவணை என்று திரும்பவும் தொடங்கினேன். அவ கையைக் காட்டி நிற்பாட்டினா.

"நெஞ்சு வருத்தம் எண்டு சொன்னால் மட்டும் கட்டுவினமே? கலியாணம் முடியட்டும், நானே கையிலை பிடிச்சுக் கொண்டுவாறன். அதுமட்டும் வாயைத் திறவாதையுங்கோ ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பூசை முடிந்து

அந்த மாதம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டைநோ பரவியது. ஒரே கிழமையில் இருபது பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தேன், உள்நாக்கைச் சுற்றிச் சிவந்து வெள்ளை படிந்து கிடந்தது. எல்லாருக்கும் பெனிசிலின் குளிசை, பத்து நாளைக்கு. அந்தப் பிள்ளைகளின் தாய்மாரெல்லாம் யசிந்தாவிடம் சட்டை தைக்கப் போகிறவர்கள். அவளின் உடம்பில் பெனிசிலின் ஒரு சொட்டும் இல்லை. ஐந்து மாதம் என்றால் ஏழு ஊசி. நான் என் கதிரையில் இருந்து எண்ணி எண்ணிப் பார்த்தேன். கேட்டு யோசிக்க எனக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால், என் மனைவி இருந்திருந்தால், "அப்பா, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லியிருப்பா. ஒருவரும் இல்லை. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனேன். நான் சைவக்காரன், அந்தக் கோயிலுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. தொண்டைநோவைப் பற்றிச் சனத்துக்கு ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும் என்று சுவாமியாரிடம் கேட்டேன், சந்தோஷமாகச் சம்மதித்தார். பூசை முடிந்ததும் முன்னால் போய் நின்றேன். சங்கிலிக் கிருமியைச் சொன்னேன். தொண்டையில் தொடங்கி நெஞ்சில் போய் முடிகிற கதையைச் சொன்னேன். பிள்ளைகளுக்குத் தொண்டை நொந்து மூட்டு வீங்கினால் உடனே கொண்டுவரச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "திரேசம்மாவின்ரை மகள் யசிந்தாவுக்கு நான் போடுறதும் இந்தப் பெனிசிலின்தான். அது நெஞ்சுக்குப் போடுற ஊசி. அதுக்கு மாத ஊசி எண்டு பேர் வைச்ச மடையன் நான். அந்தப் பிள்ளையிலை ஒரு குற்றமும் இல்லை" என்று, மதில் தாண்டிக் கேட்கிற அதே குரலில் சொன்னேன். பெண்கள் பக்கம் ஒரு முக்காடு எழும்பி வெளியே போனதைக் கண்டேன். அது யார் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் சுவாமியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனிதருக்கு உள்விஷயம் ஒன்றும் தெரியாது.

"நான் பிரசங்கம் வைச்ச இத்தனை வருஷத்திலை சனம் ஒரு இருமல் இல்லாமல் கேட்டது இண்டைக்குத்தான்."

வாங்கில் அரை மணித்தியாலம்

திங்கட்கிழமை பதினொரு தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் தொடங்கியிருந்தது, நேரத்துக்குக் கண்டுபிடித்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நான் செய்தது நல்ல வேலை. ஊரும் யசிந்தாவைப் பற்றின கதையை விட்டது. அந்தக் கிழமையே எழுவைதீவிலிருந்து மாப்பிள்ளையின் சின்னம்மா வள்ளத்தில் வந்து, பெட்டையில் ஒரு குறையும் இல்லை, நல்ல பெட்டை, ஆனால் நெஞ்சு வருத்தக்காரியைக் கொண்டுபோய்ப் பிள்ளை பெறுகிற நேரம் பழியை நாங்கள் சுமக்க ஏலாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனா. சின்னராசா இதை வந்து சொன்னபோது நான் ஊசிகளை அவித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றி அடுப்பை நூர்த்தேன்.

அடுத்த நாள் யசிந்தா தனியாக வந்தாள். கூப்பிட முதலே உள்ளே வந்து, துண்டை மேசையில் வைத்தாள். மாத ஊசி என்று நான் எழுதியிருந்ததை அவளே பேனையால் வெட்டியிருந்தாள். மருந்தைக் குலுக்கினேன், இரண்டு முறை ஊசி அடைத்தது. போட்டு முடித்தேன். அவள் போய் வாங்கில் இருந்தாள். "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளும். உம்மடை நெஞ்சை யோசிச்சுத்தான் சொன்னனான்" என்றேன். அவள் அழவில்லை. கோபமாகவும் இல்லை. ஒரு சட்டையின் அளவு சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"என்ரை பேரைக் காப்பாத்திப்போட்டியள் ஐயா. இனி என்னை ஆரும் கேட்டு வரமாட்டினம்."

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த இரண்டு வருஷத்தில் அவள் ஒரு தவணையும் தவறவில்லை. லோஞ்சு நின்ற நாட்களிலும் எப்படியாவது மருந்து எடுத்து வைத்தேன். நெஞ்சில் குழாயை வைத்தால் அந்தச் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊசி போட்டதும் வாங்கில் இருந்து, அரை மணித்தியாலமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். நேரம் முடிந்ததும் எழும்பிப் போவாள்.

ஒரு வால்வைக் காப்பாற்றி, ஒரு கலியாணத்தைக் குழப்பி, அந்தத் தீவில் என்னோடு கதைத்த ஒரே ஆளையும் பேசாமல் பண்ணின அந்த ஆறு வருஷத்துக்கு, இடமாற்றம் வந்தபோது மேலிடத்திலிருந்து "திருப்திகரமான சேவை" என்று எனக்கு ஒரு கடிதம் தந்தார்கள்.